"பொடியன் உழைச்சவனோ?" – ஒரு கேள்வியின் வரலாறு

யாழ்ப்பாணத்தில் நீதிமன்றச் செய்திகளைச் சேகரித்துக் கொண்டிருந்த காலத்தில், 1978ஆம் ஆண்டளவில், பிறக்கிராசியார் ஒருவரின் கந்தோரில் காத்திருந்தபோது கேட்ட கேள்வி ஒன்று நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக என் மனத்தை விட்டு அகலவில்லை. வலிகாமத்துக் கிராமமொன்றிலிருந்து ஒரு தாய் வந்திருந்தார். பாடசாலை விட்டு வீதியோரமாக நடந்து வந்த அவருடைய எட்டு வயது மகனை லொறியொன்று மோதிக் கொன்றிருந்தது. அந்தத் தாயின் கையில் மரண அத்தாட்சிப் பத்திரமும், மகனின் பாடசாலைத் தேர்ச்சி அறிக்கையும் இருந்தன.

பிறக்கிராசியார் நல்ல மனிதர்; ஏழைகளிடம் காசு வாங்காதவர் என்று பெயர் எடுத்தவர். அவர் அத்தாட்சிப் பத்திரத்தை வாசித்துவிட்டு, தலையை நிமிர்த்தாமலே கேட்டார்:

"அம்மா, பொடியன் உழைச்சவனோ?"

அந்தத் தாய்க்கு விளங்கவில்லை. "எட்டு வயசுப் பிள்ளை ஐயா. மூண்டாம் வகுப்பு. கணக்கிலை முதலாம் பிள்ளை" என்று தேர்ச்சி அறிக்கையை நீட்டினார். பிறக்கிராசியார் அதை வாங்கவில்லை. செத்த வீட்டுச் செலவுக்கான பற்றுச்சீட்டுகள் இருந்தால் கொண்டுவரச் சொன்னார். அந்தத் தொகையைத் தவிர வேறொன்றையும் வழக்காடிப் பெற முடியாது என்பதை எவ்வளவு மென்மையாகச் சொல்லலாமோ அவ்வளவு மென்மையாகச் சொன்னார்.

அன்று எனக்கு அவர்மீதுதான் கோபம் வந்தது. அந்தக் கேள்வியை அவர் கேட்கவில்லை, அவருக்குப் பின்னால் நின்ற முந்நூற்றைம்பது ஆண்டுச் சட்டம்தான் கேட்டது என்பதைப் பிற்காலத்திலேயே அறிந்துகொண்டேன். பிறருடைய தவறினால் ஒருவர் இறந்தால் அவருடைய குடும்பம் எந்த வாசலில் போய் நிற்கலாம் என்பதற்கு நம் நாட்டில் ஒரு நீண்ட வரலாறு உண்டு. பத்திரிகைகளில் அதிகம் எழுதப்படாத வரலாறு அது.

கந்தோர், நொத்தாரிசு, அப்புக்காத்து ஆகிய சொற்களை ஒல்லாந்தர் நமக்கு விட்டுச் சென்றனர் என்பது பலரும் அறிந்தது. அந்தக் கேள்வியையும் அவர்களே விட்டுச் சென்றனர். 1796இல் கொழும்பு ஆங்கிலேயரிடம் வீழ்ந்தபின், 1799ஆம் ஆண்டு செப்டெம்பர் 23ஆந் திகதி ஆளுநர் பிரடெரிக் நோர்த் ஒரு பிரகடனத்தை வெளியிட்டார். ஒல்லாந்தர் காலத்தில் எந்தச் சட்டங்களின்படி நீதி வழங்கப்பட்டதோ அவற்றின்படியே தொடர்ந்தும் வழங்கப்படும் என்பது அதன் சாரம். நமது தேசவழமை பிழைத்ததும் அவ்வாறுதான். உரோம-டச்சுச் சட்டம் இத்தீவின் பொதுச் சட்டமாக நிலைத்ததும் அவ்வாறுதான்.

உரோம-டச்சு என்ற இரட்டைப் பெயரிலேயே விடயத்தின் முடிச்சு இருக்கிறது. கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த அக்குவிலியச் சட்டத்தின்படி, ஒருவனுடைய அடிமையையோ நாற்கால் பிராணியையோ இன்னொருவன் அநியாயமாகக் கொன்றால், இறப்புக்கு முந்திய ஓராண்டில் அதற்கிருந்த மிக உயர்ந்த விலையை உடைமையாளனுக்குக் கொடுக்கவேண்டும். ஆனால் சுதந்திரப் பிரசையின் உடலுக்கு விலை மதிக்க முடியாது என்பது உரோமச் சட்ட அறிஞரின் கொள்கை. கேட்பதற்கு உன்னதமான கொள்கை. அதன் பலனோ, அடிமையைப் பறிகொடுத்த எசமானுக்கு நட்டஈடும், தகப்பனைப் பறிகொடுத்த பிள்ளைகளுக்கு வெறுங்கையும் என்பதாயிற்று.

வடக்கு ஐரோப்பாவின் ஜெர்மானியக் குடிகளிடம் வேறு வழக்கம் இருந்தது. கொலைக்குப் பழி வாங்குவதற்குப் பதிலாகக் கொன்றவன் தரப்பு இறந்தவனின் உறவினருக்குப் பணம் கொடுத்துச் சமாதானம் செய்யும் வழக்கம் அது. ஒல்லாந்தில் இந்த வழக்கமும் உரோமச் சட்டமும் கலந்தன. அந்தக் கலவைக்கு ஒழுங்கான வடிவம் கொடுத்தவர்களுள் முதன்மையானவர் ஹியூகோ குரோஷியஸ். அரசியல் கைதியாக லூவஸ்டைன் கோட்டையில் அடைக்கப்பட்டிருந்த காலத்தில் ஒல்லாந்தின் சட்டவியலுக்கு அறிமுகமாக ஒரு நூலை அவர் எழுதினார். நூல் 1631இல் வெளியாயிற்று. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, 1621இல், அவர் புத்தகப் பெட்டியொன்றினுள் ஒளிந்துகொண்டு கோட்டையிலிருந்து தப்பிவிட்டார். அந்தத் திட்டத்தை வகுத்தவர் அவருடைய மனைவி. ஒருவனைக் கொன்றவன், இறந்தவனின் உழைப்பில் வாழ்ந்து வந்த மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் மற்றையோருக்கும் அந்த இழப்பை ஈடுசெய்யவேண்டும் என்பது அந்த நூல் பதிவுசெய்த விதி. அந்த நாளில் இது பெரிய தயாளம். உயிருக்கு விலை இல்லை என்ற கொள்கையையும் அது மீறவில்லை. உயிர் கொண்டுவந்த சோற்றுக்கு மாத்திரமே விலை வைத்தது.

யாழ்ப்பாணத்துக் கந்தோரில் கேட்கப்பட்ட கேள்வியின் வித்து இதுவே.

அக்காலத்து ஆங்கிலச் சட்டத்தோடு ஒப்பிட்டால்தான் ஒல்லாந்தர் விட்டுச் சென்றதன் பெறுமதி விளங்கும். 1808இல் இங்கிலாந்தில் ஒரு குதிரை வண்டி கவிழ்ந்தது. அதில் பயணஞ் செய்த ஒருவர் காயமடைந்தார். அவருடைய மனைவி ஏறக்குறைய ஒரு மாதம் மருத்துவமனையில் கிடந்து இறந்தாள். வழக்கை விசாரித்த எலன்பரோ பிரபு, மனித உயிரின் இழப்பைச் சிவில் நீதிமன்றத்தில் முறையிட முடியாது என்று ஜூரிமாருக்குக் கூறினார். கணவனின் சொந்தக் காயங்களுக்கும், மனைவி விபத்துக்குப் பின் உயிரோடிருந்த அந்தச் சில வாரங்களில் அவளுடைய துணையை அவன் இழந்ததற்குமாகச் சேர்த்து 100 பவுண் கிடைத்தது. அவள் இறந்த கணத்தோடு கணக்கு முடிந்தது. கையை முறித்தவன் பணம் கட்டவேண்டும், ஆளையே கொன்றவன் கட்டவேண்டியதில்லை!

அதே இங்கிலாந்தில் வேறொரு விசித்திரமான வழக்கமும் இருந்தது. மனித மரணத்துக்குக் காரணமான பொருள் – எருதோ வண்டிச் சக்கரமோ எதுவாயினும் – முடிக்குப் பறிமுதலாகும். 1841 டிசெம்பர் 24ஆந் திகதி ரெடிங் நகருக்கு அருகே சோனிங் என்னுமிடத்தில் சரிந்து கிடந்த மண்மேட்டில் புகையிரதம் மோதியது. கூரையற்ற பெட்டிகளில் நத்தாருக்கு ஊர் திரும்பிக் கொண்டிருந்த தொழிலாளர்களில் எட்டுப் பேர் அவ்விடத்திலேயே இறந்தனர். மரண விசாரணை ஜூரிமார் அந்த எஞ்சினுக்கும் பெட்டிகளுக்கும் 1,000 பவுண் விதித்தனர். அது சட்டப்படி சேரவேண்டிய இடம் இறந்தவர்களின் வீடுகள் அல்ல. புகையிரதங்கள் பெருகி மரணங்களும் பெருகியபின், 1846இல் காம்பல் பிரபுவின் முயற்சியால் குடும்பத்தவர் வழக்காடும் உரிமையைப் பாராளுமன்றம் சட்டமாக்கியது. அந்தப் பறிமுதல் வழக்கமும் அதே ஆண்டில் ஒழிந்தது. இந்தியாவில் ஆங்கிலேயர் அதே உரிமையை 1855இல் தனிச் சட்டமாகக் கொண்டுவந்தனர். இலங்கைக்கு அப்படியொரு சட்டம் தேவைப்படவில்லை. குரோஷியஸ் எழுதி வைத்தது இங்கே ஏற்கெனவே நடைமுறையில் இருந்தது.

எருதுக்கு விலை விதித்த வழக்கத்தைப் படித்துச் சிரிப்பவர்கள், நம்முடைய நீதவான் நீதிமன்றங்களையும் ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம். கவனயீனத்தால் மரணம் விளைவித்த சாரதிமீது தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவின் கீழ் வழக்குத் தொடரப்படும். அங்கே விதிக்கப்படும் தண்டப்பணம் திறைசேரிக்கே போகிறது. குற்றவாளி இறந்தவரின் குடும்பத்துக்கு நட்டஈடு செலுத்த வேண்டுமென்று கட்டளையிட நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. ஆயினும் அதைக் கேட்கவேண்டும் என்று பல குடும்பங்களுக்கு யாரும் சொல்வதில்லை.

சிவில் வழக்கின் கணக்கு எளிமையானது, கொடூரமானது. இறந்தவரின் மாத வருமானம் என்ன? அதில் வீட்டுக்கு எவ்வளவு கொடுத்தார்? இன்னும் எத்தனை ஆண்டு உழைத்திருப்பார்? இவற்றிலிருந்து ஒரு தொகை வரும். யாழ்ப்பாணத்தவர் அடிக்கடி தவறாக விளங்கிக்கொள்ளும் ஒரு விடயத்தையும் இங்கே சொல்லவேண்டும். இந்த உரிமை முதுசம் அன்று. தேசவழமைப்படி பங்கு பிரிக்கப்படுவதுமன்று. இறந்தவரிடமிருந்து அது குடும்பத்துக்கு இறங்கி வருவதில்லை. தங்கி வாழ்ந்தவர் ஒவ்வொருவருக்கும் அது சொந்தமாகவே பிறக்கிறது. இதை அறியாமல், முதலில் மரணச் சாதனச் சொத்து வழக்கை முடிப்போம் என்று காத்திருந்து காலத்தைக் கோட்டை விட்ட குடும்பங்களை நான் அறிவேன். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவரையறைக் கட்டளைச் சட்டம் இத்தகைய வழக்குகளுக்கு இரண்டு ஆண்டுகளையே தருகிறது.

வேலைத்தலத்தில் நேரும் மரணத்துக்கு 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் தனி வழி திறந்தது. அங்கே முதலாளியின் கவனயீனத்தை நிரூபிக்கத் தேவையில்லை. வேலையின்போது, வேலையின் காரணமாக விபத்து நேர்ந்ததென்பது போதும். தொகையைச் சட்டத்தின் அட்டவணை தீர்மானிக்கும், அதுவும் சம்பளத்தை வைத்தே. மலையகத் தோட்டங்களில் இச்சட்டத்தால் பயன் பெற்றோரும் உண்டு, அது இருப்பதே தெரியாமல் துரை கொடுத்த சிறு தொகையோடு திரும்பியோரும் உண்டு.

உழைக்காத பிள்ளை இறந்தால்? இந்தக் கேள்வி நாட்டின் அதியுயர் நீதிமன்றம் வரை போனது, ஒரு கொழும்புச் சிறுமியின் மரணத்தினால்.

1992இல் அந்தச் சிறுமி நோயுற்றாள். நாடறிந்த குழந்தை மருத்துவ நிபுணர் ஒருவர் அவளைப் பார்த்தார். வாத நோயோடு தொடர்புடைய ஒரு நரம்புக் கோளாறு என்று அவர் கணித்தார். உண்மையில் அவளுக்கு மூளைத் தண்டில் கட்டி இருந்தது, சிறுமி இறந்தாள். தந்தை சட்டம் அறிந்தவர். நோயைச் சரியாகக் கணிக்கத் தவறியது கவனயீனம் என்று மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். அந்நீதிமன்றம் 50 இலட்சம் ரூபா வழங்கியது. மேன்முறையீட்டு நீதிமன்றம் கவனயீனத்தை ஏற்றுக்கொண்டு, தொகையை இரண்டரை இலட்சமாகக் குறைத்தது. 2001இல் உயர் நீதிமன்றம் அதையும் தள்ளிவிட்டது.

அந்தத் தீர்ப்பில் இரண்டு இழைகள் உண்டு. முதலாவது, கவனயீனம் நிரூபிக்கப்பட்டாலும் அதுவே மரணத்துக்குக் காரணம் என்பது நிரூபிக்கப்படவில்லை என்பது. குணப்படுத்த முடியாத நோய். சரியாகக் கணித்திருந்தாலும் பிள்ளை பிழைத்திருக்குமா என்ற வினாவுக்குச் சான்றுகள் சாதகமாக இல்லை. இந்த இழையோடு எனக்குப் பிணக்கில்லை. இரண்டாவது இழைதான் என்னை மீண்டும் அந்தக் கந்தோருக்கு இட்டுச் சென்றது. பெற்றோரின் மனவேதனைக்கும் பிள்ளையின் அன்பையும் அருகிருப்பையும் இழந்ததற்கும் உரோம-டச்சுச் சட்டம் நட்டஈடு அறியாது; பொருள் இழப்பை மட்டுமே அது அறியும். கொழும்பின் மிகச் சிறந்த சட்டத்தரணிகள் ஆண்டுக்கணக்காக வாதாடிய பின்னரும் விடை மாறவில்லை. பொடியன் உழைச்சவனோ? பெட்டை உழைச்சவளோ?

நேர்மையாகச் சொல்வதானால், நீதியரசர்கள்மீது பழி போட என்னால் முடியவில்லை. சட்டத்தை ஆக்குவது பாராளுமன்றத்தின் வேலை என்பது அவர்களின் நிலைப்பாடு. துக்கத்துக்கு விலை வைக்கத் தொடங்கினால் எல்லை எங்கே என்ற அச்சமும் புதியதன்று. 1846இன் ஆங்கிலச் சட்டம் வந்து ஆறு ஆண்டுகளில், 1852இல், அங்கேயும் நீதிமன்றம் துக்கத்துக்குப் பணம் இல்லை என்றுதான் தீர்த்தது.

இதுவரை சொன்னவை லொறிச் சாரதிகளையும் முதலாளிகளையும் மருத்துவர்களையும் பற்றியவை. நம் தலைமுறையில் நம் பிரதேசத்துக் குடும்பங்கள் பறிகொடுத்தவர்களில் மிகப் பலர் அவ்வாறு இறந்தவர்களல்லர். சீருடை அணிந்தவர்களின் கைகளில் இறந்தவர்களுக்கு எந்த வாசல்?

சிவில் வழக்கின் வாசல் ஏட்டில் திறந்தே இருந்தது. ஆனால் எந்த வழக்குக்கும் முதற்படி மரண விசாரணை. 1983 ஜூன் மாதம் பிறப்பிக்கப்பட்ட 15அ என்ற அவசரகால விதி, மரண விசாரணையின்றியே சடலங்களைப் புதைக்கவோ எரிக்கவோ பாதுகாப்புத் தரப்புக்கு அனுமதி கொடுத்தது. விசாரணை இல்லாத இடத்தில் பிரேத பரிசோதனை அறிக்கை இல்லை. அறிக்கை இல்லாத இடத்தில் இறப்பின் காரணம் இல்லை. அந்த விதியை அன்று செய்தியாக எழுதியபோது, அது உயிரோடிருப்போரின் வழக்கையும் சேர்த்துப் புதைக்கிறது என்பதை நான் முழுமையாக உணர்ந்திருக்கவில்லை.

1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மீறல் மனுத் தாக்கல் செய்ய வழி வகுத்தது. பாதிக்கப்பட்டவர் தாமாகவோ தமது சட்டத்தரணி மூலமாகவோ ஒரு மாதத்துக்குள் வரவேண்டும் என்பது அதன் நிபந்தனை. சித்திரவதைக்குள்ளாகி உயிர் தப்பியவர் வரலாம். சித்திரவதையில் இறந்தவர் எப்படி வருவார்? 2000ஆம் ஆண்டில் தெற்கே பயாகலையில் பொலிஸாரால் கைது செய்யப்பட்டுத் தாக்கப்பட்ட ஒருவர் விளக்கமறியலில் இறந்தார். அவருடைய மனைவி மனுத் தாக்கல் செய்தபோது எதிர்த்தரப்பு எழுப்பிய ஆட்சேபமே இதுதான். மீறப்பட்டது கணவனின் உரிமை, அதை மனைவி கேட்க முடியாது என்றனர். 1808இல் எலன்பரோ பிரபு பேசியதையே 2000இன் பின் கொழும்பில் கேட்பது போலிருந்தது.

உயர் நீதிமன்றம் அதை நிராகரித்தது. அடித்துக் காயப்படுத்தினால் பொறுப்பு, அடித்தே கொன்றுவிட்டால் பொறுப்பில்லை என்று அரசியலமைப்புக்குப் பொருள் கொள்ள முடியாது என்பது அதன் நியாயத்தின் சாரம். நமது அரசியலமைப்பில் உயிர் வாழும் உரிமை என்று வெளிப்படையான உறுப்புரை இல்லை. தகுதி வாய்ந்த நீதிமன்றமொன்றின் கட்டளையின்றி எவருக்கும் மரண தண்டனை விதிக்கப்படலாகாது என்கிறது 13(4)ஆம் உறுப்புரை. அதைத் திருப்பி வாசித்து, அத்தகைய கட்டளை இல்லாதவரை ஒருவருக்கு உயிர் வாழும் உரிமை உண்டு என்று நீதிமன்றம் கண்டது. 2003இல் அந்த விதவைக்கும் பிள்ளைக்கும் நட்டஈடு வழங்கப்பட்டது. அடுத்த ஆண்டில் சீதுவைப் பொலிஸாரோடு தொடர்புபட்ட இன்னொரு மரணத்திலும் அதே வழி பின்பற்றப்பட்டது. 2019 ஏப்ரல் 21ஆந் திகதிக் குண்டுவெடிப்புகளில் பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோரும் மனுதாரர்களுள் அடங்கிய வழக்கில், 2023 ஜனவரி 12ஆந் திகதி, முன்னாள் சனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா செலுத்தவேண்டும் என்று ஏழு நீதியரசர்கள் கொண்ட ஆயம் தீர்ப்பளித்தது. பொலிஸ், புலனாய்வு, பாதுகாப்புத் துறைகளின் அன்றைய தலைவர்களும் தத்தம் சொந்தப் பணத்திலிருந்து செலுத்தப் பணிக்கப்பட்டனர்.

பயாகலையிலிருந்து கொழும்புக்குப் பேருந்தில் போய் வரலாம். அந்த ஆண்டுகளில் கிளிநொச்சியிலிருந்து ஒரு விதவை முப்பது நாட்களுக்குள் புதுக்கடையை அடைவதென்றால் எத்தனை சோதனைச் சாவடிகள், எத்தனை அனுமதிச் சீட்டுகள்! ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அவ்விசாரணை நடைபெறும் காலம் கணக்கில் சேராது என்று 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. அந்தப் பிரிவை அறிந்திருந்தவர்கள் எத்தனை பேர்?

உடலே இல்லாதவர்களின் கதை இன்னும் வேறு. 1994இல் திக்வெல்லையைச் சேர்ந்த குடும்பங்களின் ஆட்கொணர்வு மனுக்களில் மேன்முறையீட்டு நீதிமன்றம் பொலிஸ் அதிகாரிகளைப் பொறுப்பாக்கி, மனுதாரருக்குப் பணம் செலுத்தக் கட்டளையிட்டது. தெற்கின் தாய்மாருக்குக் கிடைத்த அந்த முன்மாதிரி வடக்கின் தாய்மாருக்கும் உரியதே. 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் காணாமற்போனவர்களுக்கு மரண அத்தாட்சிப் பத்திரம் பெறுவதை இலகுவாக்கியபோது பலர் அதை வாங்க மறுத்தனர். பத்திரத்தை வாங்கினால் தேடலைக் கைவிட்டதாகிவிடும் என்று அஞ்சினர். 2016இல் மரணம் என்று சொல்லாமல், காணாமற்போனமையை மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழுக்கு வழி செய்யப்பட்டது. அதன் பின்னரும் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரக் கொட்டகைகளில் தாய்மார் போராட்டத்தில் அமர்ந்தனர்.

இந்தப் பெரிய துயரங்களுக்கிடையே, 2019இன் தொடக்கத்தில் பாராளுமன்றம் நிறைவேற்றிய சிறிய சட்டமொன்று தமிழ்ப் பத்திரிகைகளில் உரிய இடம் பெறாமல் போயிற்று. ஒருவரின் மரணத்துக்கான நட்டஈட்டை அறவிடுதல் பற்றிய சட்டம் அது. பிறருடைய தவறான செயலாலோ கவனயீனத்தாலோ ஒருவர் இறந்தால், பொருள் இழப்புக்கு மட்டுமன்றி, அவருடைய அன்பையும் பராமரிப்பையும் தோழமையையும் இழந்ததற்காகவும் நெருங்கிய உறவினர் நட்டஈடு கோரலாம் என்று அது கூறுகிறது. 2001இல் அந்தக் கொழும்புச் சிறுமியின் தந்தைக்கு மறுக்கப்பட்டது, பதினெட்டு ஆண்டுகளின் பின் சட்டமாயிற்று.

அச்செய்தியை வாசித்தபோது பெயரை மறந்துபோன அந்த வலிகாமத்துத் தாயே எனக்கு முதலில் நினைவுக்கு வந்தார். இன்றாயின் பிறக்கிராசியார் அந்தத் தேர்ச்சி அறிக்கையைக் கையில் வாங்கியிருப்பார். கணக்கில் எத்தனை புள்ளி, வகுப்பாசிரியர் என்ன எழுதியிருக்கிறார், பிள்ளை வீட்டில் யாரோடு படுத்துறங்கும், யார் கையால் சோறு தின்னும் என்றெல்லாம் கேட்டுக் குறிப்பெடுத்திருப்பார். அந்தத் தாயின் இரண்டு ஆண்டுகள் 1980இலேயே முடிந்துவிட்டன.